பீபர் கட்டிய அணையும் மனோன்மணி தூக்கிய கையும்

1

இலங்கையில் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மாகாணசபை கலைந்து, அடுத்த தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லத் தொடங்கினார்களே, அந்த வருடம்தான் என் மனைவி மனோன்மணி சுவிஸ் நாட்டுரிமைக்கு முதல்முறை படிவம் வாங்கி வந்தாள். இரண்டில் எது முந்தும் என்று நானும் மகளும் பகிடிக்குப் பந்தயம் கட்டினோம். நான் தேர்தல் பக்கம். மனோன்மணிக்கு ஜெர்மன் மொழிச் சோதனை இருந்தது. தேர்தலுக்குச் சோதனை ஒன்றும் இல்லை, வருவதுதானே வேலை என்று நினைத்தேன்.

எனக்கு எழுத வராது. இரண்டாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் போனவன். நான் போனில் பேசி அனுப்புவதை ஊரில் என் மருமகன் முறையான ஒருவர் நல்ல தமிழாக்கி எழுதுகிறார். நன்றாக இருந்தால் என்னுடையது, பிழை இருந்தால் அவருடையது. "சுருக்கிச் சொல்லுங்க மாமா" என்கிறார். செட்டிபாளையத்தில் இருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போனாலே ஒவ்வொரு தரிப்பிடத்திலும் யாரையாவது பார்த்துக் கதைத்துவிட்டு ஏறிய ஆள் நான். இனிமேலா சுருக்கப் போகிறேன்?

மனோன்மணி ஏன் நாட்டுரிமை கேட்டாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது சின்ன ஊர். பெயர் சொன்னாலும் உங்கள் வாய்க்குள் அடங்காது. வருடத்துக்கு இரண்டு தடவை ஊர்க்கூட்டம் நடக்கும். பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் கதிரைகள் போடுவார்கள். தீயணைப்பு வண்டிக்குப் புது டயர், பள்ளிக்கூடத்துக் கூரை, வரி எல்லாம் அங்கே கை தூக்கித்தான் முடிவாகும். அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைப்பதும், கூட்டம் முடிந்ததும் கோப்பி ஊற்றிக் கொடுப்பதும் மனோன்மணியின் வேலை. நாட்டுரிமை இல்லாதவர்களும் வந்து பார்க்கலாம். அவர்கள் இருக்கச் சுவரோடு ஒரு நீண்ட வாங்கு. அந்த வாங்குக்கும் கதிரைகளுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கயிறு. அந்தக் கயிற்றைக் கட்டுவதும் மனோன்மணிதான். கட்டிவிட்டுக் குனிந்து அதற்குக் கீழால் நுழைந்து பின்னால் போய் இருப்பாள். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான்.

எங்கள் மகள் துளசி கேட்டாள். அவள் ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறாள், கணினி வேலை.

"பாஸ்போர்ட் எடுத்து எங்க அம்மா போகப்போறீங்க?"

"எனக்குப் பாஸ்போர்ட் வேணாம் மகள். நான் கட்டுற கயித்துக்கு முன்னால ஒருநாளைக்கி நான் இரிக்கணும். அவ்வளவுதான்."

நான் நாட்டுரிமை கேட்கவில்லை. என்னுடைய ஜெர்மன் ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவிப் படித்த ஜெர்மன். சூடு, கத்தி, கவனம், கெதியாய். முப்பது வருடம் அதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்குத் தேவைப்படவில்லை. முதல் தடவை மனோன்மணி மொழிச் சோதனையில் தவறினாள். இரண்டாவது தடவை தேறினாள். படிவத்தையும் ஊர்ச்சபையில் கொடுத்துவிட்டாள். நேர்முகத்துக்குக் கூப்பிடும்வரை வீட்டில் ஒருவரும் தும்மக்கூடாது என்ற மாதிரி இருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் பீபர் வந்தது.

2

பீபர் என்பது ஒரு மிருகம். நம்முடைய நீர்நாயைவிடக் கொழுத்தது. பல் மஞ்சள். வால் சுளகு மாதிரித் தட்டை. மரத்தைப் பல்லாலேயே வெட்டி, கம்புகளை இழுத்து வந்து, சேறு பூசி, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். பொறியியலாளரும் இல்லை, ஒப்பந்தகாரரும் இல்லை.

ஊருக்குக் கீழே ஒரு ஓடை. அதன் கரையில் ஊர்ச்சபை வாடகைக்கு விடுகிற தோட்டத் துண்டுகள். ஓடையோடு ஒட்டின மூன்று துண்டில் ஒன்று என்னுடையது. பச்சை மிளகாய், கீரை, பூசணி. அடுத்தது மனுவேலுடையது. அவர் போர்த்துக்கல்காரர், கட்டட வேலை செய்து ஓய்ந்தவர். மூன்றாவது ஹெடி அம்மாவுடையது. இந்த ஊரிலேயே பிறந்தவர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. புதன்கிழமைகளில் மனோன்மணிக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். பீபர் அணை கட்டிய மூன்றாம் வாரம் என் மிளகாய்க் கன்றுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. ஹெடி அம்மாவின் கணவர் சாகுமுன் நட்டுவைத்த ரோசா மரம் ஒன்று இருந்தது. அதன் இலை மஞ்சளாகிவிட்டது.

ஊர்ச்சபைக்கு போன் போட்டோம். நான் தமிழில் சொல்ல வேண்டும், துளசி ஜெர்மனில் சொல்ல வேண்டும். நான் பத்து நிமிடம் சொல்வதை அவள் அரை நிமிடத்தில் முடித்துவிடுவாள். மிச்ச ஒன்பதரை நிமிடத்தை எங்கே கொட்டுகிறாள் என்று தெரியாது.

ஊர்ச்சபை சொன்னது: தோட்டம் எங்களுடையது, ஓடை கன்ரோனுடையது. இங்கே மாகாணத்துக்குக் கன்ரோன் என்று பெயர். கன்ரோனில் கேட்டோம். ஓடை எங்களுடையதுதான், ஆனால் மிருகம் நாட்டுச் சட்டத்தில் பாதுகாப்பாக இருக்கிறது, பேர்ணில் கேளுங்கள் என்றார்கள். பேர்ண் தலைநகரம். அங்கே ஒரு பெண், அருமையான குரல், சட்டம் எங்களுடையதுதான், ஆனால் அந்த அதிகாரத்தை இப்போது கன்ரோன்களுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறோம் என்றாள். திரும்பக் கன்ரோன். இறக்குகிறார்கள்தான், எங்கள் கைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை, ஊர்ச்சபை எழுதிக் கேட்டால் பார்க்கலாம். திரும்ப ஊர்ச்சபை. அடுத்த ஊர்க்கூட்டத்தில் வைத்து, மக்கள் கை தூக்கினால் எழுதுகிறோம்.

"எல்லாரும் நல்ல மரியாதையாக் கதைச்சாங்க அப்பா" என்றாள் துளசி.

"மரியாதைக்கு ஒரு குறையுமில்ல மகள். தண்ணிதான் குறையல்ல."

ஹெடி அம்மா எனக்கு விளக்கினார். முந்தின காலத்தில் எல்லாம் ஊரின் கையில் இருந்ததாம். பீபரைக் கொல்லலாமா கூடாதா என்பதையும் அந்தந்த இடத்து ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். பார்த்துப் பார்த்து நாட்டில் ஒரு பீபரும் மிஞ்சவில்லை. பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, பேர்ண் சட்டம் போட்டுக் காத்தது. இப்போது பெருகிவிட்டது என்று அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறார்கள். அதிகாரம் மேலே போவதும் கீழே வருவதும் அவருக்கு ரயில் போய் வருகிற மாதிரி. நேர அட்டவணை தெரியும், பதற்றமில்லை. எனக்கு அப்படியில்லை. நான் வேறு ஊர் ஆள்.

3

எங்கள் முகத்துவாரத்தைச் சொல்லாமல் இதற்கு அப்பால் போக முடியாது. மாரி பெய்து வாவி நிரம்பினால் வட்டை என்று நாங்கள் சொல்கிற வயல்வெளி முழுக்கத் தண்ணீரில் தாழும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பது ஒரு மணல் திட்டு. அதை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய்விடும், வேளாண்மை தப்பும். ஆனால் வாவியில் வளர்ந்த இறாலும் மீனும் அதே தண்ணீரோடு போய்விடும். அதனால் வயல்காரர் வெட்டு என்பார்கள், வலைக்காரர் பொறு என்பார்கள்.

என் அப்பாவின் காலத்தில் இது சின்ன வேலை. வயல்காரர் தங்களுக்குப் பொறுப்பாகத் தெரிவு செய்து வைத்த வட்டை விதானை கச்சேரிக்கு, மாவட்டக் கந்தோருக்கு, போவார். கச்சேரியில் இருக்கிற பெரியவர் ஜன்னலால் மழையைப் பார்ப்பார். தன் சப்பாத்தும் நனைந்திருந்தால் வெட்டு என்பார். பிறகு ஒவ்வொன்றாகக் கொழும்புக்குப் போயிற்று. கொழும்பில் மழை இல்லாத நாளில் நம்முடைய வெள்ளம் அவர்களுக்கு விளங்காது.

பிறகு திருகோணமலையில் மாகாணசபை வந்தது. எங்கள் விதானைக்கு அன்று இருந்த சந்தோசம்!

"இனிக் கடிதம் கொழும்புக்குப் போகத் தேவல்ல. திருகோணமலைக்குப் போனாப் போதும்" என்று வீடுவீடாகச் சொன்னார்.

நானும் வெட்டுக்காரருடன் அவருக்குப் பின்னால் நின்றவன். கடிதம் போயிற்று. பதில் வந்தது. வயல் எங்களுக்குக் கீழே, கடற்கரை மணல் கொழும்புக்குக் கீழே. கொழும்புக்கு எழுதினார். வயலுக்காகக் கேட்பதென்றால் மாகாணத்தின் மூலம் கேளுங்கள். எந்தக் கந்தோர் எழுதியது என்று சொல்ல மாட்டேன், எல்லாக் கந்தோரிலும் எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். கடைசியில் வெட்டலாம் என்ற அனுமதி சித்திரை மாதத்தில் வந்து சேர்ந்தது. வாவியில் அப்போது கொக்கு நடந்து திரிந்தது. விதானை அந்தக் கடிதத்தை எறியவில்லை. அடுத்த மாரிக்கு உதவும் என்று மடித்து வைத்தார். அடுத்த மாரிக்குள் கடிதத்தில் இருந்த கையொப்பக்காரர் மாறிவிட்டார்.

நான் இங்கே வந்த பிறகு நடந்ததை போனில் கேட்டதுதான். வடக்கும் கிழக்கும் ஒன்றாக இருந்து பிறகு பிரிந்தது. சபைக்கு ஆட்கள் தெரிவானார்கள். பிறகு சபை கலைந்தது. இப்போது சபைக் கட்டடம் இருக்கிறது, கொழும்பு அனுப்பிய ஆளுநர் இருக்கிறார், நாம் அனுப்பிய ஆட்கள்தான் இல்லை என்கிறார்கள். போதாக்குறைக்கு பிரதேச சபை ஒன்று, பிரதேச செயலகம் ஒன்று. ஒன்று நாம் வாக்குப் போட்டது, மற்றது கொழும்புடையது. என் தங்கச்சி வீட்டுப் பத்திரம் ஒன்றுக்கு ஒன்றில் வரிசையில் நின்று முன்னுக்கு வந்த பிறகுதான் மற்றதுக்குப் போக வேண்டும் என்று தெரிந்ததாம்.

இதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வெட்டு. மணல் திட்டில் விதானை எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார். ஒருவர் மண்வெட்டியால் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். விசாரணைக்கு ஐயா வந்தால் எல்லோருக்கும் ஒரே பதில்.

"நான் ஒரு வெட்டுத்தான் ஐயா வெட்டினன். ஒரு வெட்டுல முகத்துவாரம் திறக்குமா?"

உண்மைதான், திறக்காது. ஆனால் ஒரு கையகல வாய்க்காலைத் தண்ணீர் கண்டுவிட்டால் மிச்சத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். ஐயா ஆறேழு பேரைக் கேட்டுக் களைத்து, இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

நான் கலியாணம் முடித்த முதல் மாரியிலும் அப்படித்தான் வெட்டினோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். என் மாமனார், மனோன்மணியின் அப்பா, வாவியில் இறால் பிடிக்கிறவர். நான் வயல்காரனின் மகன். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, விடிந்ததும் போய் முகத்துவாரத்தில் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது மாமா முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தினையாவது வெட்டு மனே?"

"பதினாலாவது மாமா."

"கை நோகுதோ?"

அவ்வளவுதான் கேட்டார். அந்த மாரி முழுக்க வாவியில் இறால் இல்லை. மனோன்மணி எனக்கு ஒரு மாதம் பூசணிக்காய்க் கறி மட்டும் போட்டாள். இறால் எங்கே என்று கேட்டேன். "கடல்ல. நீங்கதானே அனுப்பிவச்ச?" என்றாள். தண்ணீர் விசயத்தில் நாங்கள் இரண்டு பேரும் நாற்பது வருடத்துக்கு மேலாக இரண்டு கட்சி.

4

என் மிளகாய்க் கன்று அழுகத் தொடங்கிய நாளில் மனுவேலுக்கும் ஹெடி அம்மாவுக்கும் ஆளுக்கு ஒரு வெட்டு முறையை விளக்கினேன். மனுவேலுக்கு உடனே விளங்கியது. எங்கள் இரண்டு பேருடைய ஜெர்மனும் ஒரே சமையலறைத் தரம். கம்புகள் இறுகியிருக்கின்றன, நெம்ப ஒரு கனத்த இரும்புக் கம்பி வேண்டும், அதற்கு ஜெர்மனில் என்ன பெயர் என்று தெரியவில்லை. அலவாங்கு, அலவாங்கு என்று தமிழில் கையைக் காட்டினேன். மனுவேல் கண்ணை விரித்தார். ஓடிப்போய்த் தன் கொட்டிலில் இருந்து அலவாங்கோடு வந்தார். அது அவருடைய பாஷையாம். அவருடைய ஆட்கள் எங்கள் மட்டக்களப்புக் கோட்டைக்கு வந்த காலத்தில் விட்டுவிட்டுப் போன சொல். பிறகு நாங்கள் கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கைகுலுக்கிக்கொண்டோம். ஹெடி அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "அனுமதி?"

"ஒரு கம்புதான்" என்றேன்.

அவர் ரோசா மரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையுறை போட்டுக்கொண்டார்.

முதல் கம்பை நான் இழுத்தேன். இரண்டாவதை மனுவேல் அலவாங்கால் நெம்பினார். மூன்றாவதை ஹெடி அம்மா இழுத்து, புல்லின் மேல் ஒழுங்காக வைத்தார். தண்ணீர் வழி கண்டது. அரை மணித்தியாலத்தில் கம்புகள் தாமாகவே புறப்பட்டுப் போயின. எனக்கு அன்று நாற்பது வயது குறைந்தது.

வீட்டுக்கு வந்து மனோன்மணியிடம் சொன்னேன். அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆரைக் கேட்டுச் செய்தீங்க?"

"ஆரையும் கேக்காமச் செய்றதுதானே கா முறை."

"என்ட பைல் ஊர்ச்சபையில கிடக்கு, தெரியுமா உங்களுக்கு?"

காலையில் போய்ப் பார்த்தால் அணை திரும்ப நிற்கிறது. முந்தினதைவிட ஒரு சாண் உயரம். ஹெடி அம்மா புல்லில் ஒழுங்காக வைத்த கம்பையும் பீபர் எடுத்துப் பாவித்திருந்தது. அணைக்குப் பக்கத்தில் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். கன்ரோனின் காட்டு அதிகாரி. நாய் கூட்டிப் போன யாரோ கண்டு போன் போட்டிருக்கிறார்கள்.

யார் செய்தது என்று கேட்டார். நான் முன்னுக்கு வந்து, படித்த பாடம் மாதிரி, நான் ஒரு கம்புதான் என்றேன். மனுவேல் ஒரு விரலைக் காட்டினார். ஹெடி அம்மா, "மூன்றாவது கம்பு நான். நாலு மணி பத்து நிமிடம்" என்றார்.

"இங்கே நூறு கம்பு போயிருக்கிறது. மிச்சம்?"

"மிச்சம் தண்ணி" என்றேன்.

அவர் எழுதினார். சிரிக்கவும் இல்லை, களைக்கவும் இல்லை. இளநீர் கொடுக்கவும் வழியில்லை. ஒரு வாரத்தில் மூன்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஆளுக்கு ஒன்று. மூன்றிலும் ஒரு கம்பு என்று எழுதியிருந்தது. அன்றுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் குற்றத்தை ஆட்களால் பிரிக்கிறார்கள். இங்கே ஆட்களால் பெருக்குகிறார்கள்.

கடிதத்தின் அடியில் பிரதி யாருக்கு என்று இருந்தது. ஊர்ச்சபைக்கு.

5

"உங்கட கம்பு என்ட தலையில விழுந்திரிக்கி" என்றாள் மனோன்மணி. அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி வைத்தாள், மேசையில் கோப்பை வைக்கிற சத்தத்தில் எல்லாம் சொன்னாள்.

இங்கே நாட்டுரிமை மூன்று வாசல். ஊர், கன்ரோன், பேர்ண். முந்தி ஊர்வாசலில் ஊரே கை தூக்கித்தான் தீர்மானிக்குமாம். முகம் பிடிக்காவிட்டால், பெயர் வாயில் நுழையாவிட்டால் இல்லை என்றுவிடலாம். பிறகு மேலே இருக்கிற பெரிய நீதிமன்றம், காரணம் சொல்லாமல் மறுக்கக்கூடாது என்று ஊரின் கையைப் பிடித்தது. எங்கள் ஊரில் இப்போது ஐந்து பேர் கொண்ட குழு கேள்வி கேட்டு முடிவு செய்கிறது. மனோன்மணிக்குப் பயம் வேறு. முந்தி காரணம் தேவையில்லை, ஆனால் காரணம் இருக்கவில்லை. இப்போது காரணம் வேண்டும், நான் ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய இடி பிறகு விழுந்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர் ஹெடி அம்மா. எனக்கு அதுவரை தெரியாது. மனோன்மணிக்குத் தெரியும். அந்தக் குழுவில் இவளுக்காக வாய் திறக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். ஹெடி அம்மா குழுவுக்குக் கடிதம் எழுதினார்: விண்ணப்பக்காரியின் கணவரோடு சேர்ந்து நானும் ஒரு கம்பு இழுத்தேன், ஆகவே இந்த விசாரணையில் நான் இருக்க மாட்டேன். தன்மேல் தானே புகார் எழுதிக் கொடுத்த ஒருவரை நான் வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். எங்கள் ஊரில் அடுத்தவர் எழுதினாலே அது நான் இல்லை என்போம்.

நேர்முகத்துக்கு நானும் போனேன். "நீங்க வெளிய இரிங்க. ஆரும் ஏதும் கேட்டா இருமுங்க, கதைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் ஓடையில் இருந்த வாங்கில், இல்லை, ஓடை என்று வருகிறது பாருங்கள், கந்தோர் நடையில் இருந்த வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். உள்ளே இரண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னாள். தலைவர் கேட்டாராம், ஊருக்கு என்ன வேலை, கன்ரோனுக்கு என்ன வேலை, பேர்ணுக்கு என்ன வேலை. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், புத்தகத்தில் இருக்கிறது.

"நான் புத்தகத்தில இருந்ததச் சொல்லல்ல. தண்ணி கன்ரோன்ட, மிருகம் பேர்ண்ட சட்டம், அதையும் இப்ப கன்ரோனுக்கு இறக்குறாங்க, தோட்டம் ஊர்ட, பூசணிக்காய் என்ட புருஷன்ட எண்டு சொன்னன். அந்தக் கண்ணாடி போட்ட ஆள் எழுதி எழுதிச் சிரிச்சார்."

"மறுகா?"

"மறுகா கம்பக் கேட்டாங்க. பிழைதான் எண்டன். என்ட புருஷன்ட ஊர்ல கடிதம் வாறதுக்குள்ள வெள்ளம் வந்திரும், அதால கடிதத்துக்கு முந்திச் செஞ்சு பழகிற்றார், நான் கலியாணம் முடிச்ச நாள் துவங்கிச் சொல்றன், கேக்கிறாரில்ல எண்டன்."

"என்னத்தான் வித்திருக்கிறாய்."

"வேற என்ன இருந்த என்னட்ட விக்கிறதுக்கு?"

கடைசியாக ஒருவர், பீபர் விசயம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள் என்று கேட்டாராம். அது என் கை, முன்னமே சொல்ல மாட்டேன் என்றாளாம். அதற்குத்தான் இரண்டாவது சிரிப்பு.

ஊர் ஓம், தரலாம் என்றது. கன்ரோன் ஓம் என்றது. பேர்ண் கடைசியாக, மெதுவாக, ஓம் என்றது. மூன்று கடிதத்தையும் மனோன்மணி அலுமாரிக்குள் சேலைக்கு நடுவில் வைத்தாள். துளசி போனில் என்னிடம், "அப்பா, தேர்தல் வந்திற்றா?" என்று கேட்டாள். தேர்தல் இன்னும் வரவில்லை. பந்தயம் போயிற்று.

6

அடுத்த ஊர்க்கூட்டத்தில் பீபர் வந்தது. பீபர் அல்ல, பீபர் விசயம். கேள்வி இதுதான்: அணையை எடுக்கக் கன்ரோனிடம் அனுமதி கேட்டு எழுதுவதா, அல்லது அணையை விட்டுவிட்டுக் கரையோரத் தோட்டத் துண்டுகளைத் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் மேட்டுக்கு மாற்றுவதா? மேட்டு மண் கல்லு. அங்கே மிளகாய் அல்ல, முள்ளுக்கூட வராது.

நான் மனோன்மணிக்கு ஒரு வாரம் படிப்பித்தேன். தலைவர் முதலில் எடுப்பதைக் கேட்பார், அப்போது தூக்கு. நன்றாக உயர்த்து, எண்ணுகிற ஆளுக்குத் தெரிய வேண்டும். எண்ணி முடிக்கும்வரை இறக்காதே. பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்க்காதே. எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள். நல்ல பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டாள். நாங்கள் நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கட்சியாகிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

அன்று கயிற்றைக் கட்டிவிட்டுப் பழக்க தோசத்தில் குனிந்து பின்னால் வரப் பார்த்தாள். பாதியில் நின்றாள். நிமிர்ந்தாள். சேலையைச் சரி செய்துகொண்டு, முன்வரிசையில் நடுக் கதிரையில் போய் இருந்தாள். நானும் மனுவேலும் சுவர் வாங்கில். அவர் என் முழங்காலில் தட்டினார்.

ஹெடி அம்மா எழுந்து, தான் ஒரு கம்பு இழுத்ததை எல்லோருக்கும் திரும்ப ஒருதரம் சொல்லிவிட்டு, அணையை எடுக்க வேண்டும் என்று பேசினார். ரோசா மரத்தைப் பற்றிச் சொன்னார். கொஞ்சப் பேர் கை தட்டினார்கள். தலைவர் கேட்டார்: எடுக்க எழுதலாம் என்பவர்கள்?

கைகள் எழும்பின. நான் முன்வரிசை நடுவைப் பார்த்தேன். கை மடியில் கிடந்தது. மறந்துவிட்டாளாக்கும் என்று இருமினேன். இரண்டு தரம் இருமினேன். தலைவர் என்னைப் பார்த்தார். மனோன்மணி திரும்பவில்லை.

அணை நிற்கட்டும், தோட்டத்தை மாற்றலாம் என்பவர்கள் என்று தலைவர் சொல்லி முடிக்கவில்லை. மண்டபத்தில் முதலாவதாக எழும்பின கை அவளுடையதுதான். நான் படிப்பித்த மாதிரியே, நேராக, உயரமாக. எண்ணுகிற ஆள் அவளைத் தாண்டி ஐந்து வரிசை போன பிறகும் இறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஏராளமான கைகள். அவள் ஒருத்தி தூக்காவிட்டாலும் பீபர்தான் வென்றிருக்கும். ஆனால் அவள் தூக்கினாள்.

கோப்பி ஊற்ற அன்று அவள் எழும்பவில்லை. ஊர்ச்சபையின் எழுத்தர் தானே ஊற்றி அவளுக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார். நான் வாசலில் நின்றேன்.

வீட்டுக்கு ஏற்றமான பாதை. பாதி வழி வரை பொறுத்தேன். பிறகு பொறுக்க முடியவில்லை.

"என்னகா இப்படிச் செஞ்சிற்றாய்? ஒரு கிழமையாச் சொன்னனே!"

"என்ன சொன்னீங்க?"

"எப்ப தூக்கணும், எப்பிடித் தூக்கணும் எண்டு எல்லாம் சொன்னன்தானே?"

"ஓம். எப்பிடித் தூக்கணும் எண்டு சொன்னீங்க. எந்தப் பக்கம் எண்டு என்னட்ட ஒருக்காலும் கேக்கல்ல." கொஞ்ச தூரம் நடந்தாள். மூச்சு வாங்க நின்றாள். "என்ட அப்பாட்டயும் அந்த மாரியில ஒருத்தரும் கேக்கல்ல. பதினாலு பேர் வெட்டிப்போட்டு வந்து, கை நோகல்ல எண்டு சொன்னீங்க."

அப்படி நான் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அதைத் திருத்தாமல் அவளோடு மேலே நடந்தேன்.

இப்போது மேட்டில் தோட்டம். கல்லுப் பொறுக்குகிறேன். மனுவேலும் பொறுக்குகிறார். ஹெடி அம்மாவின் ரோசா மரத்தை வேரோடு கிளப்பி மேலே நட்டுக் கொடுத்தோம், பிழைக்குமா தெரியாது. மனோன்மணி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்குப் போய் பீபர் பார்த்துவிட்டு வருகிறாள். அணைக்கு மேலே மீன் வந்திருக்கிறதாம்.

இதை எழுதிய மருமகனே, வாசிக்கிறவர்களே, உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். மாரி தொடங்கப் போகிறது. முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றி நம்முடைய பக்கத்தில் கூட்டம் வைப்பார்கள். அதிகாரம் கொழும்பிலா, மாகாணத்திலா, கச்சேரியிலா என்று அங்கே நிறையக் கதைப்பார்கள். நான் அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. இப்போதெல்லாம் வலைக்காரரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களாம் என்று கேள்வி. கூப்பிட்டு எங்கே இருத்துகிறார்கள், முன்னாலா பின்னாலா என்று மட்டும் ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள். பின்னால் இருத்தியிருந்தால், கூட்டத்தை நடத்துகிற ஆள் யாரோ அவரிடம் போய் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். வெட்டினவன் சொல்லுகிறான் என்று சிரிப்பார்கள். மனோன்மணி சொன்னதாகச் சொல்லுங்கள்.